அண்ணனின் தலையணை

மூன்று மாத வேலையாகத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய அன்றே, அண்ணன் சந்திரசேகர் தலையில் தடவும் முடி மருந்தை நிறுத்திவிட்டான். நிறுத்தினால் கொட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் அவன் அறையைப் பெருக்கப் போனேன். தலையணையில் முடி கிடந்தது. தினமும் கிடந்தது. அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். அப்போதும் கிடந்தது.

போனில் அண்ணன் சிரித்தான். "ஒண்ணுகூடக் கொட்டலடி புஷ்பா!"

அம்மாவிடம் சொன்னேன். "பக்வாஸ் பண்ணாம, உளறாம பெருக்குடி," என்றாள், என்னைப் பார்க்காமலே.

போன வாரம் முடி விழுவது நின்றது. இனி விழ எதுவும் இல்லை போலிருந்தது.

நேற்று அண்ணன் அடர்ந்த முடியோடு துறைமுகத்தில் வந்து இறங்கினான். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சாவியை வாங்கி அறைப் பூட்டைத் திறந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கினான்.

அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"தட்டாதடா சேகரு. இப்பதான் தூங்குனான்."