காட்டில் கூப்பிடாத பெயர்

உமாராணி கரையில் நின்று இன்னொரு முறை "ஊய்!" என்கிறாள். அக்கரையில், அருவிக்குப் பக்கத்துக் குகைக்குள்ளிருந்து தங்கை சுகந்தியின் "ஊய்!" சிரிப்போடு திரும்பி வருகிறது. காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் வேறு ஏதோ அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும் என்பது எஸ்டேட்டில் வளர்ந்த இருவருக்கும் தெரியும். அதனால் காலை முதல் இந்த "ஊய்"தான், விளையாட்டாகவே பழகிவிட்டது. இங்கே வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஆனால் மலையுச்சி கறுத்துக் கிடக்கிறது. சற்றுமுன் அடிமணல் தெரிய ஓடிய ஆறு இப்போது தே தாரேக் பால்டீயின் நிறத்தில் ஓடுகிறது. பச்சை இலைகளும் ஒடிந்த குச்சிகளும் சுழன்று போகின்றன. "மேல மழைடி, கெப்பாலா ஆயிர் வருது லா, திடீர்னு வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போயிடும், வெளிய வா!" அருவி இரைச்சலில் சொற்கள் கரைந்துவிடுகின்றன, நீட்டிக் கத்துவது மட்டுமே அக்கரைக்கு எட்டுகிறது. குகைக்குள் கைப்பேசி ஒருமுறை மின்னுகிறது. ஈரம் படாமலிருக்கச் சுகந்தி கொடுத்துவிட்டுப் போன சப்பாத்து உமாராணியின் கையில் இருக்கிறது. அதன் நாடாவை விரல் வெளுக்கச் சுற்றுகிறாள். தங்கை மிதித்துத் தாண்டிய தட்டைக் கல்லின்மேல் தண்ணீர் ஏறுகிறது. "ஊய்!" "ஊய்!" மறுபடியும் அதே சிரிப்பு. உமாராணி கண்களை இறுக மூடிக்கொண்டு கத்துகிறாள்: "சுகந்தீ!" குகை அந்தப் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொல்கிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. வாசலுக்கு ஓடிவந்த சுகந்தி, வெறுங்காலை நீட்டி, கல் இருந்த இடத்தைத் தண்ணீருக்குள் தேடுகிறாள்.