உவன் அசையமாட்டான்

மகன் கோகுலனுக்கு உதயகலா ரீச்சரைப் பெண் கேட்க வந்த பூரணம் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ரீச்சரின் குரல் கேட்டது.

"உவன் தானா அசையமாட்டான். ஆராவது தள்ளவேணும். தள்ளுற அளவுக்குத்தான் அசைவான், அதுக்கு மேலை இல்லை."

பூரணத்துக்கு முகம் சிவந்தது. நாள் முழுக்கப் போனும் கையுமாகக் கிடப்பவன்தான். அதை ஊர் சொல்லலாம், மருமகளாக வரப்போகிறவள் சொல்லலாமோ? விறுவிறென்று உள்ளே போனாள்.

"ஆரைப் பிள்ளை உவன் எண்டு கதைக்கிறாய்? என்ரை மகனையோ?"

"ஐயோ மாமி, கல்லு, பந்து மாதிரிப் பொருளைச் சொன்னனான்! இயக்க விதி. முந்நூறு வருசப் பழைய லத்தீன் புத்தகம் தமிழிலை வருது. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விளங்குமோ எண்டு சொல்லிப் பாத்தனான். நாங்கள் 'தள்ளினாலொழிய' எண்டுதான் படிச்சனாங்கள். லத்தீனிலை கிடக்கிறது 'தள்ளுற அளவுக்கு'. அந்த ஒரு சொல்லைப் பிடிச்ச ஆளைக் கும்பிடவேணும்!"

"ஆர் அந்தக் கெட்டிக்காரன்?"

காலையில் மருதனார்மடச் சந்தைக்கென்று வெளிக்கிட்ட கோகுலன், மூலையில் இருந்த மேசையிலிருந்து மெல்ல எழும்பினான்.

"இவர்தான் தமிழாக்கிறவர். கையிலை கிடக்கிற அந்தப் போனிலைதான் அஞ்சு வருசமா லத்தீன் படிச்சவர், மாமி," என்றாள் உதயகலா.

பூரணம் மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உவனோ! உவனை ஆர் பிள்ளை தள்ளினது?"

கோகுலன் உதயகலாவைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்ப நான் தள்ள வந்தது பிந்திப்போச்சு," என்றபடி பூரணம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.