நாற்றம் வந்த வழி

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு" என்று நாகேஸ்வரன் மாடிப்படியைப் பார்த்துச் சொன்னார். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கடிந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

படியிறங்கி வந்துகொண்டிருந்த மீரா நின்றாள். "என்ன தப்பு பண்ணினேன் மாமா?"

"மீன் நாத்தம்."

கரமனை அக்கிரகாரத்தில் அந்த வீட்டு மாடியை மீராவுக்கும் அவள் அம்மாவுக்கும் வாடகைக்கு விட்டு ஒரு வருஷமாகிறது. சைவம் மட்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. விழிஞ்ஞம் பக்கம் மீன்குஞ்சு வளர்க்கும் பண்ணையில் வேலை என்று அவள் சொன்னபோதே அவருக்கு உறுத்தியது. இப்போது மூன்று வாரமாக, டிபன் முடித்து அவர் பேப்பரை விரிக்கும் நேரமும் அவள் வேலைக்கு இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்க, குப்பென்று அந்த நாற்றம்.

மீனைத் தான் தொடுவதே இல்லை என்றாள் மீரா. கண்ணாடிக் குடுவைகளில் பாசி வளர்க்க வேண்டும். எந்தப் பாசியில் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று அளந்து, குஞ்சுகளுக்கு ஏற்றபடி கலந்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

"மீன்ல நல்ல கொழுப்பு இருக்குன்னு எல்லாரும் சொல்றாளே, அது மீனோட சொந்தச் சரக்கே இல்லை மாமா. பாசியிலேர்ந்து போறதாக்கும்."

நாகேஸ்வரன் காதில் மீன் என்ற சொல் மட்டும் விழுந்தது.

"எனக்கு ஒரு நாத்தமும் தெரியல்லையே" என்று உள்ளிருந்து வந்தாள் அவர் மனைவி சீதாலக்ஷ்மி. "ஞாயித்துக்கிழமை இவ கீழயே எறங்கல்லை. அன்னிக்கும் நாத்தம்னேளே."

"துணி உலர்த்தியிருப்பா."

மீரா அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மாமியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். பத்து நாள் பொறுக்கச் சொன்னாள். அப்புறமும் நாற்றம் வந்தால் தானே போய்விடுவதாகச் சொன்னாள்.

அவர் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தார். இனி வேலைவிட்டு வந்ததும் கொல்லைப்புறம் குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அதற்கும் சரி என்றாள்.

ஒரே வாரத்தில் நாற்றம் நின்றுவிட்டது. கண்டிப்பாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று நாகேஸ்வரன் தெரு முழுக்கச் சொன்னார். எதிர்வீட்டு அனந்தநாராயணன் ஒரு படி மேலே போய், மீராவைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

மீரா கொட்டும் மழையிலும் கொல்லையில் குளித்து, ஈரத்தலையோடு படியேறினாள். வருகிற வழிதானே என்று மாமாவின் மாத்திரைகளையும் அவளே வாங்கிவந்தாள். ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

ஒரு தடவை அவள் ஆபீஸ் வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தபோது மாத்திரை தீர்ந்துபோனது. நாகேஸ்வரனே பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போய், ரத்தக் கொழுப்புக்கு டாக்டர் எழுதிய குளிகை வேண்டும் என்றார். கடைக்காரப் பெண் ரேஷ்மி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இரண்டு டப்பாக்களை எடுத்துவைத்தாள்.

"எது வேணும் சாரே? ஆத்யம் நீங்க வாங்கினதா, அப்புறம் மீரா மாத்தினதா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது மீனெண்ணெய், அது பாசியெண்ணெய். ரெண்டுலயும் சத்து ஒண்ணுதான். மீனெண்ணெய் சாப்பிட்டா சிலருக்கு ஏப்பத்துல மீன் மணக்கும். மீராதான் டாக்டரிட்ட கேட்டு மாத்தினா." ரேஷ்மி சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார்கிட்ட சொல்லண்டான்னாளே. மனசு கஷ்டப்படுமாம்."

நாகேஸ்வரன் அந்த முதல் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பொடி இங்கிலீஷ் எழுத்துக்கு மேலே ஒரு சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பூஜை முடித்து, டிபன் சாப்பிட்டு, மூன்று வாரம் அதை விழுங்கியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் மீரா வந்து இறங்கினாள். வழக்கம்போலக் கொல்லைப் பக்கம் திரும்பினாள். பேப்பர் இரவல் வாங்க வந்திருந்த அனந்தநாராயணனின் கை மூக்குக்குப் போனது.

"குளியெல்லாம் வேண்டாம் குழந்தே. நேரா மாடிக்குப் போ" என்றார் நாகேஸ்வரன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அப்போ நாத்தம் ஓய்?" என்றார் அனந்தநாராயணன்.

மீராவுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வேண்டாம் என்று அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

நாகேஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"அது மாடியிலேர்ந்து வரல்லை ஓய். என் வயித்துலேர்ந்து வந்தது."