மெயின் ஆஃப்

பல வருடமாக விழுங்கிவந்த மன அழுத்த மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். "தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றார். ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்கிற பேச்சா இது?

இன்று ஒரு வீட்டில் ஏணியில் நின்று, சுவர் ஃபேனுக்குப் புது வயர் போட்டுக்கொண்டிருந்தேன். மெயினை நானேதான் அணைத்திருந்தேன். தலைக்குள் சுளீரென்று அடித்தது. சந்தேகத்துக்கு, சுவரிலிருந்து வரும் வயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. என் நெற்றிப்பொட்டில் வைத்தேன். எரிந்தது.

கீழே ஏணியைப் பிடித்திருந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"முதல்ல இறங்கு. டாக்டர்கிட்ட சொல்லிப் பழைய அளவுக்கே போயிடலாம். மாத்திரை போட்டப்ப எவ்வளவு அமைதியா இருந்தே!"

"மெயினை ஆஃப் பண்ணா எந்த வீடும் அமைதியாத்தாண்ணா இருக்கும்."

ஃபேனிலிருந்து தொங்கிய இரண்டு வயர் முனைகளையும் வெறுங்கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த ஷாக்குக்காகக் காத்திருந்தேன். வந்தது. இறக்கைகள் மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்தன. அண்ணனின் சட்டைக் காலர் படபடத்தது.

"காத்து வருதாண்ணா?" என்று கேட்டேன்.