உட்காராத பல்

கன்னத்தில் கை வைத்தபடி ஒருவர் பட்டறைக்குள் நுழைந்ததும், மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், உலகத்துக் கவலையெல்லாம் தேங்கிய முகம். எஞ்சின் மாற்ற லாரியை விட்டவருக்கு முகம் வேறு எப்படி இருக்கும்.

"முதலாளி வந்துட்டார்," என்று மைத்துனனிடம் கிசுகிசுத்தார். வண்டியைக் கொண்டுவந்து விட்டது டிரைவர்தான். முதலாளியோடு போனில் பேசியதோடு சரி. இன்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வந்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நாற்காலி வந்தது, "உக்காருங்க முதலாளி" வந்தது. அவர் உட்கார்ந்தார்.

பழைய எஞ்சின் போய், வேறொன்று சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் இரும்புக் குடம். அதைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினால் பல்வரிசைகள் ஒவ்வொன்றாக 'டொக்'கென்று பொருந்தும். எல்லாம் பொருந்திய பிறகுதான் எஞ்சினைச் சேர்க்கவேண்டும்.

சேர்த்துப் பார்த்தார்கள். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது.

"மாமா, கன்வெர்ட்டர் உக்காரலை. எஞ்சினைப் பின்னால எடுத்துட்டுத் திரும்ப சுத்தி விடணும்," என்றான் மைத்துனன்.

"எனக்கே பாடமா?" என்ற மெக்கானிக், நாற்காலிப் பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "ஒண்ணுமில்லைங்க. கடைசிப் பல்லு மட்டும் உக்காரலை. கழட்டி மாட்டணும். கொஞ்சம் நேரமாகும்."

"பல்லா?" வந்தவர் முகம் சுருங்கியது. கன்னத்தை இன்னும் அழுத்திக்கொண்டார். "பல்லு விஷயத்தைத் தள்ளிப்போடவே கூடாதுங்க. இழுத்து முடிச்சிடணும்."

"போல்ட்டைப் போட்டு இழுத்துரலாம்கிறீங்களா?"

"இழுத்தா எதுதான் வராது?"

"கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற ஆயில் பம்ப் உடைஞ்சிரும் மாமா," என்றான் மைத்துனன்.

"நீ சும்மா இரு மாப்ளே. லாரி வச்சுப் பிழைக்கிறவருக்குத் தெரியாததா?"

மைத்துனன் சொல்வது சரியென்று மெக்கானிக்குக்கு நன்றாகவே தெரியும். கையால் தள்ளிச் சேராததை போல்ட்டால் இழுக்காதே என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முழங்குவதே அவர்தான். ஆனால் முதலாளி தன் வாயாலேயே சொல்லிவிட்ட பிறகு வேலையும் மிச்சம், பொறுப்பும் மிச்சம். தெரிந்ததை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

வந்தவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. எழுந்து வந்து வண்டிக்கடியில் குனிந்தார். "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம். ம், விடாதீங்க. அப்படித்தான்." வீட்டில் அவர் பேச்சை யாரும் இந்த அளவுக்குக் கேட்டதில்லை போலிருக்கிறது.

இடைவெளி மெல்லச் சுருங்கியது. "பாத்தியா மாப்ளே? அனுபவம்னா இதுதான்," என்று மெக்கானிக் கிரீஸ் கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

கியர்பாக்ஸுக்குள் 'படக்'கென்று ஒரு சத்தம்.

மைத்துனன் அடியில் படுத்து, கைவிட்டு, கன்வெர்ட்டரைச் சுற்றிப் பார்த்தான். அது அசைய மறுத்தது.

"பம்ப் போச்சு," என்றான், படுத்தபடியே. அவன் குரலில் வருத்தம் அவ்வளவாக இல்லை.

மெக்கானிக் கலங்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார். "முதலாளி, என் மேல தப்பு சொல்லக்கூடாது. கழட்டி மாட்டணும்னு நான் சொன்னேன். நீங்கதான் இழுக்கச் சொன்னீங்க, மாப்ளே சாட்சி. உங்க வண்டி, உங்க இஷ்டம். புதுப் பம்ப் நீங்கதான் வாங்கித் தரணும்."

வந்தவர் வண்டியைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். முதல்முறையாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"என் வண்டியா? மாடியில பல் டாக்டர் இருக்காரான்னு கேக்கத்தாங்க வந்தேன்."