ஏழாம் அறையில் பதினோரு நிமிடம்

சக்கர நாற்காலியை ஏழாம் அறைக்குள் இயக்குநரே தள்ளிக்கொண்டு வந்தார். பதவிக்கு வந்த ஆறு வருடத்தில் அருங்காட்சியகத்துக்குள் அவர் தன் கையால் நகர்த்திய முதல் பொருள் அதுதான்.

நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய டீச்சர். வயது எண்பத்திரண்டு.

"இதுதாம்மா உங்க படம்," என்றார் இயக்குநர், டீச்சருக்கு அது தெரியாது என்பதுபோல.

முழங்கை நீளப் படம். ஒரு பெண் காலி வாளியோடு குழாயடியில் நிற்கிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் டீச்சர் வைத்த ஒரே கண்காட்சியில் இந்தப் படத்தின் முன் யாரும் நிற்கவில்லை. வந்தவர்கள் டீ எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றோடு தூரிகையைத் தூக்கிப் போட்டவர்தான். படத்தை வீட்டில் வைத்துப் பார்க்கப் பிடிக்காமல் இங்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இவர்களும் ஏழாம் அறையில் ஏற்கெனவே ஆணி இருந்த இடத்தில் மாட்டி, கீழே 'ஓவியர்: தெரியவில்லை' என்று எழுதி வைத்தார்கள்.

போன வருடம் கேமரா வந்தது. எந்தப் படத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அது கணக்கெடுத்தது.

முதல் ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் போர்க்களப் படத்துக்கு எட்டு வினாடி. இந்தப் படத்துக்குப் பதினோரு நிமிடம்.

அதிகாரிகள் ஆடிப்போனார்கள். பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். மக்கள் முகத்தை உயர்த்தி நின்றார்கள். பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

ஒரு பேராசிரியர் 'முதுகின் மௌனம்' என்று நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார். அந்தக் காலி வாளிதான் மனித வாழ்க்கை என்று அதில் நிரூபித்திருந்தார்.

கட்டுரை அச்சான பிறகுதான், வரைந்தது யார் என்று தேடத் தோன்றியது. படச் சட்டத்தின் பின்புறம் ஓர் எண் இருந்தது. பழைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே டீச்சரின் பெயரும் முகவரியும் இருந்தன. அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார்.

"முகத்த ஏம்மா காட்டல?" என்றார் இயக்குநர். பேராசிரியர் கேட்கச் சொன்ன கேள்வி அது.

"எனக்கு மூக்கு சரியா வராது சார்."

இயக்குநர் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினார்.

மூலையில் நின்ற காவலர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக இந்த அறையைக் காப்பவர். டீச்சரோடு வந்த அண்ணன் மகள் வாசலில் அவரிடம் சொல்லியிருந்தாள்: "சனங்க இந்தப் படத்துக்கு முன்னால நிக்கிறாங்கன்னு உங்க ஆபீஸ்ல போன் பண்ணிச் சொன்னதுலேர்ந்து அத்தை மறுபடி வரைய உக்காந்துட்டாங்க. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர மாட்டேங்கிறாங்க."

"திங்கக்கிழமை படத்த முதல் ஹாலுக்கு மாத்துறோம்மா. நடுச் சுவர். தனி விளக்கு," என்று அறிவித்துவிட்டு, இயக்குநர் புகைப்படக்காரரைக் கூட்டி வரப் போனார்.

காவலருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த ஹாலில் இந்தப் படத்தின் முன் ஓர் ஈ கூட நிற்காது. அதையும் கேமரா கணக்கெடுக்கும். கணக்கைக் கொண்டுபோய் டீச்சரிடமே நீட்டுவார்கள், நீட்டக்கூடியவர்கள்தான். இந்த மனுஷி இன்னொரு முறை தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டால்?

குனிந்து, சொல்லிவிட்டார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. கட்டடம் முழுக்க நாலு வருஷமா ஏசி ரிப்பேர். இந்தப் படத்துக்கு மேல இருக்கிற ஒரே ஒரு ஓட்டைலதான் சில்லுன்னு காத்து வருது. வெயில்ல வர்ற சனங்க அதுக்குத்தான் நிக்கிறாங்க. நானும் அஞ்சு லெட்டர் எழுதிப் பாத்துட்டேன். டைரக்டர் சார் ரூம்ல தனி ஏசி. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

டீச்சர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியில் நரைமுடி பறந்துகொண்டிருந்தது.

"வந்ததுமே மூஞ்சில அடிச்சுதே தம்பி. தெரியாதா எனக்கு?"

காவலர் தொப்பியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்த பிள்ளைங்கதான் போர்டைப் பாத்துச்சுங்க. மத்ததெல்லாம் நோட்டால விசிறிக்கிட்டு இருந்துச்சுங்க. அதுக்காக ஃபேன்கிட்ட போய்க் கோவிச்சுக்க முடியுமா? பதினோரு நிமிஷம் நிக்கிறவன் ஒரு நிமிஷமாவது கண்ணத் தொறப்பான்ல?"

காவலர் யோசித்துப் பார்த்தார்.

"தொறப்பாங்க டீச்சர். அந்தக் குழாய்ல தண்ணி வருமா, வராதான்னு போன மாசம் ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு இங்கயே சண்டை வந்துடுச்சு."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலி குலுங்கியது.

இயக்குநர் புகைப்படக்காரரோடு திரும்பி வந்ததும் டீச்சர் கைகூப்பினார். "சார், படம் இங்கயே இருக்கட்டும். பெரிய ஹாலெல்லாம் எனக்கு எதுக்கு?"

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் எளிமையைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று புகைப்படக்காரரிடம் சொன்னார், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

படம்பிடித்து முடிந்ததும் நாற்காலியைக் காவலரிடம் விட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

வாசலருகே டீச்சர் காவலரின் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"வீட்ல மூணு படம் முடிச்சு வச்சிருக்கேன் தம்பி. அடுத்தது எந்தச் சுவத்துல ஏசிய சரி பண்றாங்கன்னு தெரிஞ்சா, முதல்ல எனக்கு ஒரு போன் போட்டுடு."