மிச்சம் வைத்த காப்பி

"மாத்திரையைக் குப்பையில போட்டிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?"

கூடையிலிருந்து பொறுக்கிய அட்டையைத் தம்பி மனைவியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள் பிரிஜெட். பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது.

பிரிஸில்லாவின் கண் பால்கனிப் பக்கம் இருந்தது. தம்பி ஜாய்சன் அங்கிருந்து அறைக்கும், அறையிலிருந்து அங்கும் நடந்துகொண்டிருந்தான். செருப்பைப் போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான்.

"டேய், உட்காருடா."

"சும்மா நடக்கறேன்க்கா. நீ காப்பி குடி."

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறி பொம்மசந்திராவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள் பிரிஜெட். 'ஒரு தடவை வந்துட்டுப் போங்க அண்ணி' என்று பிரிஸில்லா போனில் சொன்னபோதே, தம்பிக்கு மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தாள். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு ஓயாத நடை, ஓயாத பேச்சு. கடைசியில் கம்பெனி வாசலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரிகளை மறித்தவனை நாலு பேர் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த மாத்திரைதான் அவனைத் தூங்கவைத்து, மறுபடி வேலைக்கு அனுப்பியது.

"இன்னொரு தடவை அப்படி ஆனா கம்பெனியில வெச்சுக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி. டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்."

"எந்த டாக்டர்? எழுதிக் குடுத்ததே அவர்தானே?"

"அவரேதான். ரத்தம் எடுத்துப் பார்த்ததுல ஈரல் கெட்டுட்டு வருதாம். இவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு. கிருமி ஏற்கெனவே ஈரல்ல உட்கார்ந்திருக்கு, இந்த மாத்திரையும் சேர்ந்தா தாங்காதுன்னார். வேற மாத்திரை குடுத்திருக்கார். அதுக்கு ஈரல்ல வேலையே இல்லையாம், சிறுநீரோட போயிடுமாம். பிடிக்கத்தான் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் நடப்பார்."

அத்தனையிலும் பிரிஜெட்டின் காதில் நின்றது ஒரு சொல்தான்.

"கிருமியா? ஒட்டுமா?"

வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த காப்பியை மேசையில் வைத்தாள். ஒரு விரலால் டம்ளரைத் தள்ளிவிட்டாள். இன்னும் பாதி இருந்தது.

"டம்ளர்ல ஒட்டாது அண்ணி. ரத்தத்துலதான்."

"எங்க வீட்ல யாருக்கும் இந்தக் கண்றாவி கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி அவனுக்கு ஈரலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பக்கம் யாருக்கோ இருந்திருக்கு. மறைச்சுக் கட்டி வெச்சுட்டீங்க."

பால்கனியில் நடை நின்றது. "ஈரல் எல்லாருக்கும் இருக்கும்க்கா," என்று குரல் வந்தது. நடை மறுபடி தொடங்கியது.

பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கும் டெஸ்ட் பண்ணிட்டாங்க. இல்ல. தடுப்பூசியும் போட்டாச்சு," என்றாள். பிறகு மெதுவாக, "அத்தை எப்படி இறந்தாங்க அண்ணி?"

"அம்மாவா? காமாலை. வயிறெல்லாம் வீங்கி... அதுக்கும் இதுக்கும் என்ன?"

கேட்டவள் தானே நிறுத்திக்கொண்டாள்.

"பிரசவத்துலயே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவங்க இருக்காங்களான்னு கேட்டார். உங்களுக்கு இருந்தாலும் பயமில்ல, மருந்து இருக்கு. போன்ல சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க. அதான் நேர்ல வரச் சொன்னேன். நாளைக்கு இவருக்கு ரத்தம் எடுக்கணும். நீங்களும் வாங்க. நான் கூட இருக்கேன்."

பிரிஜெட் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். தம்பியின் நடை அவள் காலுக்கு வந்துவிட்டது.

மேசையைத் துடைக்க வந்த பிரிஸில்லா டம்ளரை எடுத்தாள்.

"தொடாதே!" பதறிப்போனாள் பிரிஜெட். "அது நான் வாய் வெச்சது."

"தெரியும் அண்ணி," என்றாள் பிரிஸில்லா. அண்ணி வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தாள்.